வெயிலில் காய்ச்சிய இரும்பு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். அந்த உரிமையில் ஒரு வண்டி விஷயம் கேட்கிறேன். என்னிடம் 1990-களில் வந்த பழைய மஹிந்திரா பிக்கப் இருக்கிறது. முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான், ஒரே ஆக்ஸில். எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போகிற பாதை மழையில் சேறாகிவிடும் என்பதால் வண்டியைத் தூக்கினேன். ஆக்ஸிலுக்கு அடியில் இருந்த பட்டையை மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பின்னாலும் அதற்கேற்ப உயர்த்தியாயிற்று. ஏறக்குறைய 5 அங்குலம் ஏறியது. பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் முழுசாகத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற டிராக் லிங்க் கம்பி பட்டையில் உரசுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. டயரும் சேஸிஸைத் தொடுகிறது. ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து இறங்கி அந்தக் கம்பியை அசைக்கிற டிராப் ஆர்மை கேஸில் காய்ச்சிக் கொஞ்சம் வளைத்தால் இடைவெளி கிடைத்துவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? பெரிய டயர் போட்டால் சரியாகுமா? ஏத்தன் தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போகிற வண்டி இது. பெயர் போட வேண்டாம்.

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

செய்யாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு வருகிற கடிதங்களுக்கு நான் உடனே பதில் எழுதுகிறவன் இல்லை. உங்களுடையதற்கு எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் ஆசாரியின் உலை இந்தப் பங்குனியோடு நின்றுபோனது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். துருத்தியும் பட்டடையும் எடைக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதத்தில் “காய்ச்சிக் கொஞ்சம் வளைத்தால்” என்று வாசித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஃப்.சி.க்கு நிறுத்தும்போது உங்களுக்கே தெரியவரும். டயர் சேஸிஸைத் தொடுவதற்கு, சக்கரத்தைப் பிடித்துத் திரும்புகிற நக்கிளில் இருக்கிற ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்துப் பூட்டினால் போதும். திருப்பம் கொஞ்சம் குறையும், குறையட்டும். பெரிய டயர் போட்டால் இப்போது உரசுகிற இடத்தில் இன்னும் அதிகமாக உரசும். அந்தப் பேச்சை விடுங்கள்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. வண்டியைத் தூக்கினால் எது உயர்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஆக்ஸில் சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. பட்டையை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல் முன்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது. சேற்றுத் தடத்தின் நடுமேட்டில் முதலில் போய் இடிப்பது அதுதான். உயர்ந்தவை சேஸிஸும் கேபினும் பெட்டியும். பெட்டி உயர்ந்ததால் தார் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு தாரையும் 5 அங்குலம் கூடுதலாகத் தூக்குகிறார்கள். அம்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சரி, செய்தாயிற்று. தோட்டப் பாதையின் பாடு எனக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு நம் பக்கத்தில் எத்தனை பாதைகள் வெறும் கல்லும் சேறுமாகக் கிடந்தன. தார் வெட்டும் பருவத்தில் வண்டி உள்ளே போகாவிட்டால் காய் பழுத்துக் கொட்டும். நீங்கள் ஆசைக்கு மட்டும் தூக்கவில்லை என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். டிராப் ஆர்ம் சேஸிஸோடு சேர்ந்து மேலே போய்விட்டது. நக்கிள் ஆக்ஸிலோடு கீழேயே நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்கிற டிராக் லிங்க் முன்பு ஏறக்குறையப் படுக்கையாகக் கிடந்தது, இப்போது சரிந்து நிற்கிறது. படுத்திருக்கிற கம்பியின் ஒரு முனை ஓர் அங்குலம் ஏறி இறங்கினாலும் அதன் நீளவாக்கில் பெரிதாக ஒன்றும் நகராது. சரிந்து நிற்கிற கம்பியில் அதே ஓர் அங்குலம் நக்கிளைத் தள்ளும் அல்லது இழுக்கும். நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்புகிறது. பட்டையில் உரசுவதும், பள்ளத்தில் இழுப்பதும் ஒரே கோளாறுதான். இடைவெளி மட்டும் கிடைத்தால் போதும் என்று நினைக்கிற மெக்கானிக் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

கம்பியை மறுபடி படுக்க வைக்க வேண்டும். உங்கள் ஸ்டீரிங் பாக்ஸின் பல்லுக்குச் சரியாகப் பொருந்துகிற, இன்னும் கீழே இறங்குகிற மாதிரி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங் டிராப் ஆர்ம் கிடைத்தால் போடலாம். ஆனால் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே வந்துவிட்ட வண்டியில் அதற்குப் பிறகும் உரசலாம். நக்கிளின் மேல்பக்கம் ஆர்ம் வைத்து, டிராக் லிங்கையும், இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற டை ராடையும் பட்டைக்கு மேலாகக் கொண்டுபோவது இன்னும் நல்லது. கம்பி முனையில் இருக்கிற எண்டின் தண்டு டேப்பராக, நுனி நோக்கிச் சிறுத்து இருக்கும். அது உட்காருகிற துளையும் அதே டேப்பரில், எந்தப் பக்கமிருந்து தண்டு நுழைகிறதோ அந்தப் பக்கமிருந்து ரீமர் போட்டு எடுத்ததாக இருக்க வேண்டும். நேர்த்துளை போட்டு வாஷர் வைத்து முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கிற காட்டர் பின் இல்லாமல் ஒரு அடி நகர்த்தக் கூடாது. இதற்கெல்லாம் வசதி இல்லையென்றால் பட்டையைப் பழையபடி அடியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனி அந்தக் காய்ச்சுகிற வேலைக்கு வருகிறேன்.

எங்கள் ஆசாரி அரிவாள் அடிப்பதற்கு லாரிப் பட்டைதான் வாங்குவார். நாங்குநேரிப் பக்கத்துப் பட்டறைகளில் உடைந்த பட்டையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார். பனையேறிகளுக்குப் பாளை அரிவாள், தோட்டக்காரர்களுக்கு வெட்டரிவாள், எல்லாம் அந்த இரும்புதான். அவர் உலைக்கூடம் எப்போதும் இருட்டாக இருக்கும். சின்ன வயதில் நான் அதை வறுமை என்று நினைத்தேன். அவர்தான் சொல்லித் தந்தார். “வெயில்ல இரும்போட நெறம் தெரியாதுய்யா. நெறம் தெரியாதவன் எப்படித் தோய்ச்சல் போடுவான்?” செம்மை ஏறிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்து எடுத்துத் தேய்த்து, மறுபடி லேசான சூட்டில் காட்டுவார். இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு ஊதா, பிறகு நீலம். வைக்கோல் நிறம் என்பது 230 டிகிரிக்குப் பக்கம், நீலம் 300 டிகிரிக்குப் பக்கம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு டிகிரி தேவைப்படவில்லை. விளிம்பு எந்த நிறத்தில் நிற்க வேண்டும், முதுகு எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்று கண் சொல்லும்.

டிராப் ஆர்மும் அப்படிப் பதம் வைத்த இரும்புதான். அடித்து உருவாக்கி, காய்ச்சித் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தி அனுப்புகிறார்கள். உறுதியும் வேண்டும், அடி விழுந்தால் ஒடியாமல் தாங்கவும் வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. ஏறக்குறைய 730 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடும். கேஸ் விளக்கைக் காட்டிச் சிவக்க வைத்தால் அந்த வேலை முழுவதும் அழிந்துபோகும். அதை அப்படியே ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும், பாரம் ஏற ஏற வளையும். அவசரத்தில் தண்ணீரை ஊற்றினால் கடினமாகி நொறுங்குகிற குணம் வரும். இரண்டில் எதைச் செய்தாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கறுப்புப் பெயிண்ட் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும். வளைத்த இடத்தில் மேற்பரப்பில் ஒரு சின்னக் கீறல் தொடங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் ஒடியும். ஒடிந்தால் கையில் ஸ்டீரிங் இருக்கும், சக்கரத்துக்கு அது தெரியாது.

இதை உங்கள் மெக்கானிக் எங்கே வைத்துச் செய்யப்போகிறார்? பட்டறை வாசலில், உச்சி வெயிலில். அந்த வெளிச்சத்தில் அவருக்கு எந்த நிறம் தெரியும்? எனக்கு இதில்தான் ஆத்திரம் வருகிறது. ஓர் அரிவாளுக்கு இருட்டு தேவைப்பட்ட ஊர் இது. தார் ஏற்றிய வண்டியைத் திருப்புகிற இரும்பை ரோட்டோரத்தில் நிறம் பார்க்காமல் காய்ச்சுகிறோம்.

ஒருமுறை எஸ்டேட் ஜீப் ஒன்றின் டிரைவர் கல்லில் இடித்து வளைந்த டிராப் ஆர்மோடு ஆசாரியிடம் வந்தார். நிமிர்த்தித் தரச் சொன்னார். அந்த மாதம் உலையில் வேலை குறைவு, வீட்டில் கைமுடை. அவர் வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று எழுந்தது. கீறலுக்குள் போயிருந்த எண்ணெய் வெளியே வந்திருந்தது. டிரைவர் பேசாமல் நின்றார். “இது ஆளத் தாங்குத இரும்பு. நான் தொட மாட்டேன். புதுசு வாங்கிப் போடும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மதுரையிலிருந்து பஸ்ஸில் புது ஆர்ம் வந்து சேரும்வரை அந்த ஜீப் புளியமரத்தடியில் நின்றது. நாங்கள் பையன்கள் அதில் ஏறி விளையாடினோம். டிரைவர் தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்து ஆசாரியைத் திட்டுவார். ஆசாரி பதில் சொல்லாமல் அவருக்கும் சேர்த்துக் காப்பி வாங்கிவரச் சொல்வார்.

அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. உங்கள் வண்டிக்கு வருகிறேன்.

நீங்கள் போகிற வழி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி. ஆனி பிறந்துவிட்டால் அந்தக் கணவாயில் காற்று எப்படி வரும் என்று காற்றாலைகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிற உங்களுக்குத் தெரியாதா? உயர்ந்த வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். பட்டையை மேலே மாற்றிக் கட்டும்போது ஆக்ஸிலின் சாய்வு கொஞ்சம் பிசகியிருந்தாலும் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு, குறைந்துபோய், திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. காற்றும் அதுவும் சேர்ந்தால் வண்டி அலையும். வீல் அலைன்மெண்ட் செய்கிற இடத்தில் காஸ்டரையும் அளக்கச் சொல்லுங்கள். சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கிற டோ மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள், விடாதீர்கள். குறைந்திருந்தால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

ஆர்மை ஏற்கெனவே காய்ச்சியிருந்தால் கழற்றி எடைக்குப் போடுங்கள். காய்ச்சவில்லை என்றாலும் கழற்றி மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் போட்டுப் பாருங்கள், இவ்வளவு நாள் இழுபட்ட இரும்பு அது. புது ஏற்பாடு எதுவானாலும் மாட்டி முடித்ததும் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, ஆக்ஸில் தொங்கும்படி விட்டு, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். எண்டுகள் எங்கேயும் முட்டி இறுகக் கூடாது. அப்புறம் வண்டியை இறக்கிப் பாரம் ஏற்றி, ஒரு முன்சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி நிறுத்தித் திருப்புங்கள். பிறகு அடுத்த சக்கரம். பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே ஈரக் களிமண் அப்பி வைத்தால் எங்கே நெருங்குகிறது என்று அச்சு காட்டும். பிரேக் ஹோஸ் இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள், தூக்கிய வண்டிகளில் அதை மறந்துவிடுகிறார்கள்.

மெக்கானிக்கிடம் கோபப்படாதீர்கள். அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அதுவரை தாருக்கு வாடகை வண்டி பிடியுங்கள். ஆர்மைக் கழற்றுவதற்கு முன் வண்டியை நேராக நிறுத்தி, டிராக் லிங்க் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்
அண்ணாச்சி