திப்பு கூடாரத்தில் தேநீர் விருந்து

கேள்வி: மகள் வேல்ஸில் நர்ஸ். அடுத்த மாதம் போகிறேன். போவிஸ் கோட்டை என்ற மாளிகையில் திப்புவின் கூடாரம் இருக்கிறதாம், காட்டுகிறேன் என்கிறாள். பாலக்காட்டுத் திப்பு கோட்டையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற எனக்கு அது எதற்கு? தோட்டமாவது பார்க்கிற மாதிரி இருக்குமா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நம்ம கோட்டையை 1766-இல் கட்டியது ஹைதர் அலி அம்மா, பெயர்தான் பிள்ளைக்குப் போய்விட்டது. கூடாரம் நிஜம். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபோது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், பிளாசி போரில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். அவர் மனைவி ஹென்ரியட்டா போவிஸ் வீட்டுப் பெண். அப்படித்தான் பூச்சாடி பூச்சாடியாகப் பூப்போட்ட அந்தச் சீட்டித்துணிக் கூடாரம் வேல்ஸுக்குப் போனது. போர்ப் பாசறையில் நின்றதை அங்கே தோட்ட விருந்துக்கு, நாம் காதுகுத்துக்கு ஷாமியானா போடுகிற மாதிரி, கட்டியிருக்கிறார்கள்!

தோட்டம் கிளைவுகளுக்கும் மூத்தது. சிவப்புக் கல் மாளிகை பாறை மேட்டில் நிற்க, அதன் காலடியில் சரிவை வெட்டி இத்தாலியப் பாணியில் அடுக்கடுக்காகத் தளங்கள் இறங்கும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த வேலை. அடுத்த நூற்றாண்டில் அந்த நாட்டுப் பணக்காரர்களுக்கு ஒரு மோகம் வந்து, இந்த மாதிரித் தோட்டங்களையெல்லாம் இடித்துவிட்டு, புல்வெளியும் ஏரியுமாக, இயற்கையாகவே அமைந்தது போலத் தோன்றும்படி மாற்றிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ இது தப்பித்தது. எனக்குப் பிடித்தது யூ என்கிற ஊசியிலை மரங்கள்தான். வேலியாக நட்டவை நூற்றாண்டுகளாக வளர்ந்து உப்பி, மேகம் இறங்கி உட்கார்ந்த மாதிரி தளங்களின் மேல் வழிகின்றன. ஒரு வேலி 14 மீட்டர் உயரம், நம் தென்னைக்குச் சமம். வருஷாவருஷம் வாரக்கணக்கில் கத்தரிக்கிறார்கள். இலையை மட்டும் கிள்ளி வாயில் வைத்துவிடாதீர்கள், விஷம். அப்புறம், படிகள் அதிகம். முழங்கால் வலி உண்டென்றால் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அந்தக் கூடாரத்தைத் திருப்பித் தரக் கூடாதா?
— வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: தரலாம் என்பதுதான் என் கட்சி. மாளிகை 1952 முதல், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம். காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்புள்ள தங்கள் 93 இடங்களை 2020-இல் அவர்களே பட்டியல் போட்டார்கள், போவிஸும் அதில் உண்டு. ஆனால் யார் கையில் கொடுப்பது? திப்புவின் பிள்ளைகளை 1806 வேலூர்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடாரம் அங்கே போகவேண்டுமா, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கா? நீங்களே சொல்லுங்கள்.