கோத்தகிரியில் என் மோரிஸ் மைனர் ஐடிலிங்கில் மட்டும் குலுங்குகிறது, பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை. ரீபோர் செய்யத்தான் வேண்டுமா?

ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) பேச்சை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: 948 சி.சி. வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலக்க எஸ்.யூ. கார்ப்பரேட்டர். கோவையில் வாங்கி, அங்கேயே டியூன் செய்து மேலே கொண்டுவந்தது. ஓட்டும்போது சீராக ஓடுகிறது, நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் (அதுதான் ஐடிலிங்) குலுங்கி அணைகிறது. பிளக் நான்கும் கரி. ஒரு மெக்கானிக் "மலைக்காத்து சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார், இன்னொருவர் "போர் போச்சு" (சிலிண்டர் தேய்ந்துவிட்டது) என்கிறார். இரண்டும் இல்லை என்பது என் கட்சி. குன்னூரில் என்னிடமும் அதே வண்டிதான்.

போர் விஷயத்தைப் பிளக்கே சொல்லிவிடும். கரி உலர்ந்து, விரலில் மை போல ஒட்டினால் அது பெட்ரோல் அதிகமானதன் அடையாளம். பிசுபிசுவென்று எண்ணெய் ஈரம் இருந்தால்தான் ரிங், வால்வு கைடு பக்கம் சந்தேகம் போக வேண்டும். நான்கு பிளக்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், நான்குக்கும் பொதுவாகப் பெட்ரோல் தரும் கார்ப்பரேட்டரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு பிளக் மட்டும் கறுப்பு என்றால் கதை வேறு.

இனி மலைக்காற்று. உயரத்தில் காற்று மெலிகிறது, பெட்ரோல் அதே அளவு வருகிறது, அதனால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிறது. உண்மைதான். ஆனால் எவ்வளவு ஆகிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கோவை சுமார் 400 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மேலே குளிர் என்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியைத் திரும்பப் பெறுகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் அடர்த்தி ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது. கார்ப்பரேட்டரில் கலவை மாறுவது அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டி. ஆக, 7 சதவீதம்போல ரிச். சரியான கலவை ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இங்கே அது 13.7 ஆகும். அந்தக் கலவையில் பழைய எஞ்சின் சந்தோஷமாகவே ஐடில் ஆகும். கரி கக்காது. போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அது கலவையைச் சுமார் 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு) பக்கம் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் சுத்தமான பெட்ரோலுக்கென்று கம்பெனி கொடுத்த ஊசி (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளைக்குள் நின்று அளவைக் கட்டுப்படுத்துவது), இ20 ஊற்றி நீலகிரியில் ஓட்டும்போது தற்செயலாக ஏறக்குறைய சரியாகவே அமைந்துவிடுகிறது. எனவே "மலைக்கு லீன் ஊசி போடுங்க" என்று யாராவது சொன்னால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கரி எங்கிருந்து? ஐடிலிங்கில் மட்டும் தொந்தரவு என்பதுதான் துப்பு. வர வேண்டிய வழியில்லாமல் வேறு வழியில் பெட்ரோல் கொஞ்சமாக, ஆனால் இடைவிடாமல் கசிந்துகொண்டிருக்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரை ஒரு டம்ளர் காபியில் திகட்டும், ஒரு அண்டாவில் தெரியாது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று ரொம்பக் குறைவு. அதே கசிவு, வேகமாக ஓடும்போது வரும் காற்றில் காணாமல் போய்விடும்.

முதலில் சோக். எஸ்.யூ.வில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும், ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி கூடும். குமிழை உள்ளே தள்ளியபின் பானெட்டைத் திறந்து, கார்ப்பரேட்டரின் அடியில் ஜெட்டை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கொஞ்சமாவது மேலே போனால் உங்கள் நோய் அங்கேதான். கேபிள் இறுக்கமாக இருக்கலாம், ஜெட்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கார்க் காய்ந்து பிடித்திருக்கலாம். சோக் மூடிய நிலையில் கேபிளில் லேசான தளர்வு இருந்தே ஆக வேண்டும். ஜெட் நட்டுக்குக் கீழே ஈரம் தெரிந்தாலும் கார்க்கை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது ஃப்ளோட், கார்ப்பரேட்டர் தொட்டியில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், காது போதும். மைனரில் மின்சாரப் பெட்ரோல் பம்ப் எஞ்சின் அறையிலேயே இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். டிக் டிக் என்று அடித்து, அந்தச் சிறு தொட்டி நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நின்றபிறகும் விட்டுவிட்டு டிக் என்றால் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை, அல்லது பம்பின் வால்வு பிடிக்கவில்லை. அந்தத் தொட்டியின் மூடியைக் கழற்றி, ஃப்ளோட் ஊசியின் முனையில் தேய்மான வளையம் இருக்கிறதா பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை, அது மிதக்காது, பெட்ரோல் மட்டம் ஏறிக்கொண்டே போகும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த எஞ்சினில் கார்ப்பரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. வழியும் பெட்ரோல் சூடான இரும்பில்தான் விழும். பெட்ரோல் நாற்றம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கவலை இதுதான். இதைப் பார்த்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் ஜெட்டும் ஊசியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி (அது அடைத்திருந்தாலும் ரிச் ஆகும், அதையும் கழுவிவிடுங்கள்), ஜெட்டை முழுக்க மேலே ஏற்றி வைத்து, கார்ப்பரேட்டருக்குள் ஊசியைத் தாங்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். "டொக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தாலோ வழியில் பிடித்தாலோ, ஊசி ஜெட்டின் ஓரத்தில் உரசுகிறது. வருஷக்கணக்கில் உரசினால் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் லீன் ஆகாது. ஜெட், ஊசி இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு மட்டமாக இருக்கிறதா பாருங்கள். ஊசி மேலே ஏறி மாட்டியிருந்தால் அதன் மெலிந்த பாகம் ஜெட்டில் வந்து நிற்கும், பெட்ரோல் கூடும். அந்தப் பிஸ்டனுக்கு மேலுள்ள டேஷ்பாட்டில் எண்ணெய் ஊற்றச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். ஊற்றுங்கள், நல்லதுதான். ஆனால் அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரத்துக்கான மருந்து, ஐடிலிங்குக்கு அல்ல.

இன்னொன்று, சமவெளியில் ஓடிய பழைய வண்டிகளில் சகஜமாகப் பார்க்கிறேன். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது) கழற்றிவிட்டிருப்பார்கள். கோவை வெயிலில் அது இல்லாமலே சமாளித்துவிடலாம். கோத்தகிரி மார்கழியில் எஞ்சின் சூடேறவே ஏறாது, பெட்ரோல் ஆவியாகாமல் துளித்துளியாகவே உள்ளே போகும், நீங்களும் சோக்கை விடாமல் இழுத்து வைத்திருப்பீர்கள். மேல் ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது.

கார்ப்பரேட்டர் திருகைத் தொடுமுன் மற்ற இடைவெளிகள் சரியாக இருக்கட்டும்: டேப்பட் (வால்வு) 0.012 அங்குலம், டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் 0.015, பிளக் 0.025. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியின் உள்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். பனிமூட்டக் காலத்தில் ஈரம் கோத்து ஸ்பார்க் பலவீனமானால் எரியாத பெட்ரோல்தான் வெளியே வரும், அதையும் ரிச் என்றே நினைத்துக்கொள்வோம்.

பிறகு டியூனிங், அதுவும் நீங்கள் குடியிருக்கும் உயரத்தில். கட்டபெட்டு வரை ஒரு ஓட்டம் போய்வந்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் தொடங்குங்கள். ஜெட் நட்டை மேலே ஏற்றினால் லீன், இறக்கினால் ரிச். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவுதான், அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கார்ப்பரேட்டர் பிஸ்டனை ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே ஓடினால் இன்னும் ரிச். தடுமாறி அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் லேசாகக் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. சைலன்ஸர் சத்தமும் உதவும்: ஒரே தாளத்தில் "தப்... தப்..." என்று விட்டுப்போய், புகை கறுத்தால் ரிச். தாளமில்லாமல் சிதறிச் சிதறி வந்தால் லீன்.

நட்டு முழுக்க மேலே ஏறியும் ரிச் போகவில்லை என்றால் திரும்ப ஜெட்டுக்கே போங்கள். அதற்கும் அசையாவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கலாம். முதலில் அப்படியே, பிறகு சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு. எண்ணெய் விட்டதும் அளவு நன்றாக உயர்ந்தால் அப்போது ரிங், போர் பற்றிப் பேசலாம். அந்த அளவுகளை இங்கே எழுதுங்கள், எந்த சிலிண்டர் என்பதையும் சேர்த்து.