கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

ஐயா,

குன்னூரில் இருக்கிறேன். மகளுக்கு நீட் இரண்டு தடவை எழுதியும் சீட் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்த்துவிட்டோம். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசுகிறார்கள். வரன் அமையாது என்கிறார் என் அக்கா. ஜெர்மனிக்கு அனுப்பலாமா? செவிலியர் பணி தெய்வீகமான சேவை என்று நீங்கள் இரண்டு வரி எழுதினால் அவளிடம் காட்டுவேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எழுத மாட்டேன். உங்கள் சொந்தக்காரர்களைவிட அந்த 'தெய்வீகம்'தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வரன், ஜெர்மனி இரண்டையும் அவளிடமே விடுங்கள். படிப்பு நான்கு வருடம், அவசரமில்லை.

1996 டிசம்பர். கோத்தகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மா நிமோனியாவில் கிடந்தார். வெளியே புல்லெல்லாம் உறைபனி. ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி சிஸ்டர் வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றதாகத் தோன்றியது. அப்புறம் விறுவிறுவென்று போய் டாக்டரை எழுப்பினார். ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். அம்மா பிழைத்தார். வீட்டுக்குப் போகிற அன்று டாக்டருக்குச் சால்வை போர்த்தினோம். சிஸ்டருக்கு வர்க்கி ஒரு பாக்கெட். பெயர்கூடக் கேட்கவில்லை.

பிற்பாடு அந்தக் கையைப் பற்றி உருகி ஒரு கட்டுரை எழுதினேன். கருணை, தாய்மை, எல்லாம் இருந்தது. நீங்கள் கேட்கிற அதே சரக்கு. ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, அவங்க ஆறுதலுக்குப் பிடிக்கலை. மூச்சை எண்ணியிருக்காங்க. எண்ணுறது தெரிஞ்சா பேஷன்ட் மூச்சு மாறிடும். அதனால நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பார்ப்போம். முழுசா ஒரு நிமிஷம்."

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. நிமோனியாவில் 30ஐத் தொட்டால் ஆபத்து. ரவுண்ட்ஸ் முடித்து டாக்டர் போன பிறகு அதைக் கவனிப்பவர் யார்? தூங்குகிற டாக்டரை இப்போது எழுப்பியே ஆக வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? அந்தப் படிப்பையும் துணிச்சலையும் நான் அன்பு என்று எழுதிவைத்தேன். அன்பு என்று சொல்லிவிட்டால் சம்பளம் பேச வேண்டியதில்லை பாருங்கள். 2015இல் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து போராட்டமாக உட்கார வேண்டியிருந்தது. தேவதைக்கு எதற்குச் சம்பளச் சீட்டு!

நவீன நர்சிங்கின் முன்னோடி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கையிலும் விளக்கைக் கொடுத்துக் காலண்டரில் மாட்டிவிட்டோம். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். அது எந்தக் காலண்டரிலும் இல்லை.

உங்கள் கடிதத்தில் 'சேர்த்துவிட்டோம்' என்று ஒரு சொல் இருக்கிறது. என்னவோ கழித்துக்கட்டியதுபோல. அதை அவள் காதில் போடாதீர்கள். முதல் வருடப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களை வைத்துத்தான் பழகுவார்கள். லீவுக்கு வந்தவள் சும்மா உங்கள் கையைப் பிடித்தால், பாசம் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். எண்ணி முடிக்கட்டும்.