கேளுங்க சொல்றோம்: கொயோட்டி வேட்டைக்குக் கூப்பிடுறாங்க, போகலாமா?

கேள்வி (கேன்சஸ் மாநிலம் விச்சிட்டாவுல இருந்து ஒரு வாசகர்): ஆஃபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் சனிக்கிழமை பக்கத்துப் பண்ணைகள்ல கொயோட்டி (ஓநாய் ஜாதில சின்னதா, நரி மாதிரி இருக்குற ஒரு காட்டு மிருகம்) வேட்டை இருக்கு வர்றியான்னு கேக்குறார். நான் எச்-ஒன்-பி விசா, துப்பாக்கிய சினிமாலதான் பாத்திருக்கேன். போனா பிரச்சினை வருமா? நாள் முழுக்க அங்க என்னதான் செய்வாங்க?

பதில்: தாராளமா போங்க, ஆனா அவர் துப்பாக்கிய ஒரு ஃபோட்டோவுக்குக்கூட வாங்கிப் புடிச்சிராதீங்க. உங்க மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக்கூடாதுங்கிறது ஃபெடரல் சட்டம், அமெரிக்காவுல எடுத்த வேட்டை லைசன்ஸ் இருந்தா அதுல விலக்கு உண்டு. கேன்சஸ்ல அந்த லைசன்ஸுக்கு 1957 ஜூலை 1-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க பொதுவா ஹன்டர் எஜுகேஷன் கிளாஸ் முடிச்சிருக்கணும். உங்ககிட்ட இப்ப அது இல்லாததால, இந்தத் தடவை வேடிக்கை பாக்க மட்டும் போங்க.

நான் போனதும் அப்படித்தான். பிப்ரவரி மாசம், ஹட்சின்சன் தாண்டி, விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃப்ரெண்டோட பிக்கப்ல போயிட்டு இருக்கோம், ஒவ்வொரு மைலுக்கும் குறுக்க ஒரு மண் ரோடு, கட்டம் போட்ட நோட்டு மாதிரி ஊரு. எங்கயாவது நிறுத்தி எறங்க வேண்டியதுதானேன்னு நெனச்சேன். அவன் வேலிக் கம்பத்த டார்ச் அடிச்சுக் காட்டுறான், ஊதா கலர் பெயின்ட். அங்க அதுக்கு அர்த்தம், ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம உள்ள வராதேன்னு. பெயின்ட் இல்லாத எடத்துலயும் கேட்டுட்டுத்தான் போகணும். என் ஃப்ரெண்டுக்கு நாலு பண்ணைல அனுமதி இருக்கு, சும்மா கெடைக்கல, வருஷா வருஷம் முள்கம்பி வேலி கட்டக் கூடமாட நின்னு சம்பாதிச்சது. மொதல் பண்ணைக்காரர் முந்தின நாளே ஃபோன்ல சொல்லிட்டாராம், கெழக்குப் பக்கம் மாடு கன்னு போட்டுட்டு இருக்கு, அந்தப் பக்கம் மட்டும் தலைவச்சும் படுக்காதீங்கன்னு.

வேட்டைன்னா தொரத்திட்டு ஓடுறதுன்னு நெனச்சீங்கன்னா மறந்துருங்க, உக்காந்தே இருக்கணும், அவ்வளவுதான். வண்டிய தூரத்துல மேட்டுக்குப் பின்னாடி மறைச்சிட்டு, கதவ சாத்தாம மெதுவா அழுத்தி மூடிட்டு (நான் டப்புன்னு சாத்தினேன், அப்ப வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு), சோளம் அறுத்த கட்டைக்காட்டு ஓரத்துல ஒரு பெரிய வைக்கோல் உருண்டைல முதுகு சாச்சி உக்காந்தோம். 50 யார்டு தள்ளி, கொயோட்டிய கூப்பிட்டு வரவைக்கிற காலர் மெஷின வச்சான், பேட்டரி ஸ்பீக்கர்தான், ரிமோட்ட அமுக்குனா மாட்டிக்கிட்ட முயல் அலறுற சத்தம் வரும். சத்தியமா கைக்குழந்த அழுற மாதிரி இருந்துச்சுங்க, மொத தடவ கேட்டப்ப எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. ஜனவரி, பிப்ரவரி இணை சேர்ற காலம்ங்கிறதால நடுநடுவுல ஒரு பொட்ட கொயோட்டி ஊளையும் விட்டான்.

ஒரு எடத்துல 15, 20 நிமிஷம், ஒண்ணும் வரலன்னா எந்திரிச்சு அடுத்த எடம். மொத எடத்துல ஒண்ணும் வரல. ரெண்டாவதுல ஒரு பருந்து வந்து காலர் மேலயே எறங்கப் பாத்துச்சு, முயல்னு நம்பி. மூணாவதுலதான் எனக்கு வெசயம் புரிஞ்சுது. 300 யார்டுல கோதுமைப் பயிர் நடுவுல சாம்பலா ஒண்ணு நிக்குது, நேரா சத்தத்தப் பாத்து வரும்னு நான் மூச்ச அடக்கிட்டு இருக்கேன், அது வரல, பெரிய அரைவட்டம் அடிச்சு, எங்களத் தாண்டிக் காத்து போற பக்கமா சுத்திப் போகுது. "போச்சு மாப்ள, மோப்பம் புடிக்கப் போறான்"னு இவன் முணுமுணுக்குறதுக்குள்ள அது சட்டுனு நின்னு மூக்கத் தூக்குச்சு, அப்புறம் திரும்பிப் பாக்காம ஒரே ஓட்டம். கண்ண ஏமாத்தலாம், காத ஏமாத்தலாம், அந்த மூக்க மட்டும் ஏமாத்தவே முடியாதுங்க. அதுக்கப்புறம் கவனிச்சா, அன்னிக்கு முழுக்க அவன் எடுத்த முடிவு எல்லாமே காத்த வச்சுத்தான். எந்தப் பண்ணைக்கு மொதல்ல போறது, வண்டி எங்க நிக்கணும், யார் எங்க உக்காரணும் எல்லாமே. பாக்கெட்ல ஒரு சின்ன பவுடர் டப்பா, அழுத்துனா புஸ்ஸுன்னு புகை மாதிரி போகும், அது போற தெச பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். ஓடையோரமா ஒரு சூப்பர் எடம் இருந்துச்சு, கால்தடம் எல்லாம் கெடந்துச்சு, காத்து தப்புன்னு சொல்லி எறங்காமயே போயிட்டான், எனக்குத்தான் மனசு கேக்கல.

அஞ்சாவது எடத்துல ஒண்ணு வந்துச்சு. காத்து போற பக்கம் அகலமான ஓடை குறுக்க இருந்ததால அதால சுத்திப் போக முடியல. வேகமா வந்துட்டு இருந்தத இவன் வாயாலயே "வவ்"னு ஒரு கொரை கொரைச்சான், யாருடான்னு ஒரு செகண்டு நின்னுச்சு, 110 யார்டு இருக்கும், பின்னாடி மண்மேடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் சுட்டான். கிட்டப் போயி பாத்தேன், நான் நெனச்சதவிட ரொம்பச் சின்னது, ஒரு 13 கிலோ இருந்தா அதிகம், மீச நுனில பனி உருகாம அப்படியே நிக்குது. கொஞ்ச நேரம் நாங்க ரெண்டு பேருமே பேசல. நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு பாட்டி சொல்லும், இப்படி முழிக்கிறதுக்கும் அது பொருந்துமான்னு தெரியல.

ஆறு எடத்துக்கு ஒண்ணு. அதுவே நல்ல நாளாம்.

கேள்வி (டாலஸ் வாசகி): இதுகள சுட்டுத் தள்ளுறதால எண்ணிக்கை கொறையுதா? இல்ல சும்மா பொழுதுபோக்கா?

பதில்: மொத்தத்துல பெருசா கொறையல, இத வேட்டைக்காரங்ககிட்டயே கேளுங்க, பாதிப்பேர் ஒத்துக்குவாங்க. அமெரிக்க விவசாயத் துறையோட வனவிலங்குப் பிரிவே வருஷத்துக்குப் பல்லாயிரக்கணக்குல கொல்லுது, அப்படியும் ஹவாய் தவிர எல்லா மாநிலத்துலயும் இருக்கு, சிகாகோ நடுவுல, நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல எல்லாம் நடமாடுது. ஓநாய அழிச்சதும் காலியான எடத்த எல்லாம் இது புடிச்சிக்கிச்சு. கூட்டத்துல பெரிய ஜோடிய சுட்டீங்கன்னா அதுவரைக்கும் அடங்கி இருந்த மத்த பொட்டைகளும் குட்டி போடும், எர பங்கு போட ஆள் கொறைஞ்சதால குட்டிங்க பொழைக்கிறதும் அதிகம், வெளில சுத்துற எளவட்டம் காலி எடத்துக்கு வந்துரும்.

அதுக்காகப் பண்ணைக்காரர் சொல்றது பொய்யில்ல. கன்னு போடுற சமயத்துல ஒரு குறிப்பிட்ட ஜோடி பழகிருச்சுன்னா அந்த ரெண்டயும் எடுத்தா அந்த சீசனுக்கு நிம்மதிதான். ஆனா கன்னுக்குட்டி ஒண்ணையும் தொடாம எலி புடிச்சிட்டு கெடக்குற ஜோடியச் சுட்டா, அந்த எடத்துக்கு வர்றது எப்படிப்பட்டதோ யாருக்குத் தெரியும். என்னைக் கேட்டா மொதல்ல நாய், கழுதைன்னு காவலுக்கு வைக்கணும், கிரேட் பைரனீஸ் நாய் ஆட்டுமந்தையோடயே வளந்துச்சுன்னா ராத்திரி முழுக்க ரோந்து போகும். எத்தன கொன்னோம்னு எண்ணிப் பரிசு குடுக்குற போட்டியெல்லாம் எனக்குப் புடிக்காத வெசயம், கலிஃபோர்னியா 2014-லயே அத நிறுத்திருச்சு.

கேள்வி (பேர் வேண்டாம்னு சொன்னவர்): கறி சாப்பிடுவாங்களா? தோல் விக்குமா?

பதில்: கறி பொதுவா யாரும் சாப்பிடுறதில்ல. தோலுக்கு ஒரு காலத்துல நல்ல கிராக்கி, கோட்டோட தொப்பி ஓரத்துல வச்சுத் தைக்க. கனடா கூஸ் கம்பெனி 2021-ல இனிமே ஃபர் வேண்டாம்னு அறிவிச்சது. குளிர்காலத்துலதான் முடி அடர்த்தியா இருக்கும், சொறி புடிச்சிருந்தா யாரும் சீண்ட மாட்டாங்க.

கேள்வி (அதே விச்சிட்டா வாசகர், ரெண்டாவது மெயில்ல): என்ன டிரெஸ் போடணும்?

பதில்: நைலான் ஜாக்கெட் மட்டும் வேண்டாம், கைய அசைச்சா சரக் சரக்குனு கேக்கும். சென்ட், ஆஃப்டர் ஷேவ் எதுவும் வேண்டாம். ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க. நான் புது நைலான் ஜாக்கெட்லதான் போனேன், மூணாவது எடத்துக்கு அப்புறம் என் ஃப்ரெண்ட் அதக் கழட்டி வண்டில எறிஞ்சிட்டு, சீட்டுக்கு அடில கெடந்த ஒரு பழைய கம்பளிய போத்தி உக்கார வச்சான், அதுல அவன் நாயோட வாசனை இன்னும் இருந்துச்சு.