சட்டப் படிப்புக்காக வயலை ஈடு வைக்க வேண்டாம்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும், மகளை மேற்கொண்டு என்ன படிப்பிக்கலாம் என்று கேட்க, அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் தமிழ், கர்நாடக சங்கீதம், நாடகமும் அரங்கியலும் எடுத்து நல்ல பெறுபேறு பெற்றவள். பாடுகிறாள், நடிக்கிறாள், கவிதை எழுதுகிறாள். தானே மெட்டுப் போட்ட பாட்டுகளைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். கனடாவில் இருக்கிற பெரியப்பா, "கொழும்பில் தனியார் கல்லூரியில் சட்டம் படிக்கட்டும், பாதிக் காசு நான் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். மற்றப் பாதிக்கு வயலை ஈடு வைப்பதாக வீட்டில் பேச்சு. "பாட்டும் கூத்தும் சோறு போடுமோ?" என்று தாய் கேட்டார்.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு கூரைத் தகரத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்த குடும்பம் உங்களுடையது. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அந்த வயலைத் தொடாதீர்கள். தனியார் கல்லூரியில் வெளிநாட்டுச் சட்டப் பட்டம் எடுத்தாலும் அதை மட்டும் வைத்து இங்கே வழக்காட முடியாது. இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை வேறாக எழுதிச் சித்தியடைய வேண்டும். கட்டணத்தோடு கொழும்பு அறை வாடகை, சாப்பாடு, ஆங்கில வகுப்பு என்று செலவு நீளும். பாதிக் காசு தருவதாகச் சொன்னவர் இரண்டாம் வருடமும் அனுப்புவார் என்பதற்கு யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு சட்டத்தில் விருப்பமே இல்லை. என் முன்னால் இருந்த அவ்வளவு நேரமும் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கூட அவள் கேட்கவில்லை.

ஆசிரியர் கலாசாலை, வங்கி, அரச எழுதுவினைஞர் பரீட்சை எல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன். நுண்கலை என்றால் நம்மவர்கள் யாழ்ப்பாணத்தை மட்டுமே நினைக்கிறார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். 'யாழ் நூல்' எழுதிய அடிகளின் பெயரைச் சும்மா தாங்கி நிற்கவில்லை. இசை, நடனம், கட்புலக் கலை ஆகியவற்றோடு நாடகத்துக்கும் அங்கே தனித் துறை உண்டு. பாட்டும் நடிப்பும் எழுத்தும் ஒன்றாய் வருகிற உங்கள் மகளுக்கு அந்த நாடகத் துறைதான் பொருத்தம்.

முள்ளியவளைக் கோவலன் கூத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்ததாக அவள் சொன்னாள். இரண்டு அடி பாடியும் காட்டினாள். அந்தக் குரலில் பயிற்சி வகுப்பு தர முடியாத ஒன்று இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளும் இன்றும் ஆடப்படுகிற மட்டக்களப்பில், வன்னிக் கூத்தின் மெட்டோடு போகிற பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை. கூத்து, பெண் கதாபாத்திரத்தையும் ஆண்களே ஆடிவந்த மரபு. "பொம்பிளைப் பிள்ளை மேடையேறுவதோ" என்று முணுமுணுக்கிற உறவினர்கள் அவளுக்கு ஒருநேரச் சோறாவது போடப் போவதில்லை. அந்தப் பேச்சை வாசலோடு நிறுத்தி வையுங்கள்.

அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்கைக் கட்டணம் இல்லை. வீட்டு வருமானத்தைப் பார்த்து மகாபொல புலமைப்பரிசில் அல்லது பேர்சரி உதவிப்பணம் கிடைக்கலாம். விடுதி, பஸ், புத்தகச் செலவு இருக்கும். ஆனால் அது மாதாமாதம் சமாளிக்கிற காசு, காணியை விழுங்குகிற காசு அல்ல. பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானிய ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைநெறியைத் தெரிவு செய்தால் மட்டும் போதாது. செயன்முறைத் தேர்வு ஒன்றும் இருக்கிறது. அதற்கான அறிவித்தல் வந்தால் உடனே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகையையும் இணையத்தளத்தையும் தகப்பன் கிழமைக்கு ஒருமுறையாவது பார்க்கட்டும். பிள்ளை கூத்துப் பாட்டு ஒன்று, தன் கவிதையிலிருந்து ஒரு தனிநடிப்பு என இரண்டையும் இப்போதே பழகத் தொடங்கட்டும்.

பட்டம் எடுத்தால் வேலை உறுதி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலைக்காகப் பட்டதாரிகள் வடக்கில் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அழகியல் கட்டாய பாடம், நாடகம் அதில் ஒரு தெரிவு. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கதவுகள் இல்லாமல் இல்லை. கலைஞராய் வாழ்ந்த நம் பெண்களைப் பாருங்கள். ராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடகத்தில் நடித்து, அறிவிப்பாளராகவும் நிலைத்தார். கவிஞரும் நாடகாசிரியரும் திரைப்பட இயக்குநருமான சுமதி சிவமோகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். சம்பளம் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று இருந்ததால்தான் தமக்குப் பிடித்ததை அவர்களால் செய்ய முடிந்தது.

யாருக்கும் கட்டுப்படாத பாடகியாக வேண்டும் என்று மகள் சொல்கிறாள். நல்லது. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆனி டிஃப்ராங்கோ இருபது வயதளவில் சொந்த இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, பெரிய நிறுவனங்களை மறுத்து, ஊர் ஊராகப் பாடி வளர்ந்தவர். அப்படி மறுக்கிற துணிவு கடன் தலையில் இருக்கிறவருக்கு வராது. வயல் ஈட்டில் கிடந்தால், கல்யாண மண்டபத்தில் யார் எதைக் கேட்டாலும் உங்கள் மகள் பாடித்தான் ஆக வேண்டும்.

தங்கச்சி, இது உனக்கு. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி நீ எழுதிய பாட்டும் கவிதையும் பதிவு எதுவும் இல்லாமலே உன்னுடையவை. உன் ஆயுளுக்கும் அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கும் அந்த உரிமை இருக்கும். ஒலிப்பதிவு செய்து தருகிறோம், யூடியூப்பில் ஏற்றித் தருகிறோம் என்று ஒரு தாளை யாராவது நீட்டினால், 'உரிமை முழுவதும்' என்ற சொல் இருக்கிறதா என்று பார். இருந்தால் கையெழுத்துப் போடாதே. ஒவ்வொரு பாட்டையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வை, குரல் பதிவை இரண்டு இடத்தில் சேமி. தாளை எனக்கு அனுப்பு, சேர்ந்து வாசிப்போம்.