பாதியில் மூடி வைக்க வேண்டிய புத்தகம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மனக்கவனம் (மைண்ட்ஃபுல்னெஸ் – செய்யும் செயலில் முழுக் கவனம் வைப்பது) பற்றி நாலைந்து புத்தகங்கள் படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. விடிந்தால் பழைய பரபரப்புதான். அடுத்து எதைப் படிக்கலாம்? – வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒன்றே ஒன்று போதும். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் எழுதி, 1975-இல் ஆங்கிலத்தில் வெளியான ‘தி மிராக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னெஸ்’ படியுங்கள். போர்க்காலத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த சக ஊழியருக்கு எழுதிய நீண்ட கடிதம் அது. ஓய்ந்து உட்கார நேரமில்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதியதால், செய்முறை நிறைய இருக்கிறது. அதை ஒரே மூச்சில் முடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு பயிற்சி வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வாரம் அதைச் செய்துவிட்டுத் திறங்கள்.

நடைப்பயிற்சியில் தொடங்கலாம். மெதுவாக நடந்தபடி, மூச்சை இழுக்க எத்தனை அடி, விட எத்தனை அடி என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மூன்று என்றால் பத்து மூச்சு அப்படியே போகட்டும். பிறகு வெளிமூச்சை மட்டும் ஓர் அடி நீட்டுங்கள். உள்மூச்சு தானாக நீண்டால் நீளட்டும். வலிந்து இழுக்க வேண்டாம். இருபது மூச்சோடு இயல்பு நடைக்குத் திரும்பி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செய்யலாம். முதல் நாளே இரண்டு மூன்று அடி கூட்டினால் நெஞ்சு இறுகும், தலை சுற்றும். அப்படியானால் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நடங்கள்.

கேள்வி: உபதேசம் இல்லாத படம் ஒன்று சொல்லுங்களேன். – வாசகர், ஈரோடு

பதில்: விம் வெண்டர்ஸ் இயக்கி 2023-இல் வந்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்பவரின் அன்றாடம்தான் கதை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியைக்கூடச் சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். அந்த ஒரு காட்சிக்கே படத்தைப் பார்க்கலாம். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தால் அலுத்துப்போகும். நேற்றைய காலைக்கும் இன்றைய காலைக்கும் என்ன வித்தியாசம் என்று தேடிக்கொண்டே பாருங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். இலைகளின் ஊடே விழும் வெளிச்சத்துக்கு ஜப்பானியர் சொல்லும் சொல்லின் பொருள் கடைசியில்தான் வருகிறது.

கேள்வி: தியான ஒலிப்பதிவு கேட்டால் தூங்கிவிடுகிறேன். சமைக்கும்போது கேட்கலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்றால் இரண்டும் அரைகுறை. அடுப்படியில் தாளிக்கும் ஓசையும் வாசமும் போதும்.

தூக்கம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் படுத்துக்கொண்டோ, சாப்பிட்ட கையோடோ கேட்பதுதான். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரும்படி தலையணை போட்டு உட்காருங்கள். கண்ணைப் பாதி திறந்து வையுங்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திக் நாட் ஹான் 1982-இல் பிரான்ஸில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தின் செயலி இலவசம். பதிவை முன்கூட்டியே இறக்கிவைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கேளுங்கள். அதிலேயே அவ்வப்போது ஒலிக்கும் மணியோசையும் உண்டு. மணி கேட்டதும் கைவேலையை நிறுத்தி மூன்று மூச்சு விட்டால் போதும்.

உரையாடல் பிடிக்கும் என்றால், அதே மடத்திலிருந்து 2021 முதல் வரும் ‘தி வே அவுட் இஸ் இன்’ பாட்காஸ்டைக் கேளுங்கள். நீளமானது, இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூச்சைக் கவனிக்கும்போது படபடப்பு கூடினால், கண்ணைத் திறந்து, தரையில் பதிந்திருக்கும் உள்ளங்காலைக் கவனியுங்கள். அப்படியும் அடங்காமல் அடிக்கடி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.