லேசருக்குப் பின் எரிச்சல் கூடினால் சீரம் தேடாதீர்கள்

கேள்வி: பருத்தழும்புக்காக முகத்தில் ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்து 5 நாள் ஆகிறது. முகமெல்லாம் பழுப்புப் பொருக்கு, சிவப்பு, அரிப்பு. நேற்றிலிருந்து உதட்டோரத்தில் எரிச்சல். இணையத்தில் பார்த்து எக்ஸோசோம் சீரமும் வைட்டமின் சி சீரமும் வாங்கியிருக்கிறேன். பூசலாமா? முகம் இப்படியே கறுத்துவிடுமா?

பதில்: இப்படியே கறுத்துவிடாது. இப்போது தெரியும் பழுப்பு, லேசர் சுட்ட இடங்களில் வெளியேறும் இறந்த திசு. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே உதிரும், நகத்தால் உரிக்காதீர்கள். சிவப்பும் அரிப்பும் ஆறுவதன் பகுதிதான்.

உதட்டோர எரிச்சலுக்கு மட்டும் இன்றே மருத்துவரிடம் போங்கள். லேசர் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். சில நாள் கழித்து ஓரிடத்தில் புதிதாகத் தொடங்கினால், அக்கி வகை வைரஸான ஹெர்பிஸ் கிளம்பியிருக்கலாம். மேல்தோல் போன இடத்தில் கொப்புளம் தெரியாமல், ஒரே அளவுள்ள சிறு வட்டப் புண்களாக மட்டும் தெரியலாம். விட்டுவிட்டால் லேசர் பட்ட இடமெங்கும் பரவித் தழும்பாகலாம். அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் மாத்திரையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். சீழோ காய்ச்சலோ வந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், அதுவும் அவசரம்.

இரண்டு சீரத்தையும் மூடி வையுங்கள். எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள். புட்டியில் அது மட்டுமா இருக்கிறது? வாசனைப்பொருள், பதப்படுத்தி எல்லாம் உண்டு. லேசர் போட்ட துளைகள் மூடாதவரை அத்தனையும் நேராக உள்தோலுக்குள் இறங்கும். தோலில் ஊசியால் நுண்துளை போடும் நுண்ணூசி சிகிச்சையோடு வைட்டமின் சி சீரம் பூசியதால் முகத்தில் கட்டிகட்டியாக கிரானுலோமா என்னும் அழற்சிக் கட்டிகள் வந்தவர்கள் உண்டு. வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீமைப் பூசுவது இதைவிட மோசம்.

பொருக்கு முழுதும் உதிரும்வரை, நாளுக்கு இருமுறை வெதுவெதுப்பான நீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றியெடுத்து, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகப் பூசுங்கள். காயும்போதெல்லாம் மறுபடி பூசலாம். வைட்டமின் சி, ரெட்டினால் இரண்டும் எரிச்சல் முழுதும் அடங்கி, குறைந்தது 2 வாரம் கழிந்தபின்.

உண்மையான கருமை வருவதானால் 3, 4 வாரம் கழித்து வரும். நம் நிறத் தோலில் இது அரிதல்ல, பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். தோல் மூடியதும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வெளியில் இருந்தால் 2 மணிக்கொருமுறை பூசுங்கள். இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும்.

உதட்டோரத்தில் இருப்பது ஹெர்பிஸ்தான் என்று உறுதியானால், அந்த வைரஸ் நரம்பில் தங்கிவிடும். அடுத்த லேசருக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிடலாம்.